அம்மன் மடுவில் மீசை மீன்கள்

டிசம்பர் 28

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். முன்பக்கம் வரலாற்றுப் பாடம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். மூட முடியாவிட்டால் படியுங்கள், ஆனால் டீச்சரிடம் காட்டாதீர்கள், கோயில் ஆட்களிடம் காட்டாதீர்கள், அரசாங்க ஜீப்பில் வருகிறவர்களிடம் நிச்சயமாகக் காட்டாதீர்கள். எங்கள் அப்பா திருடர் இல்லை.

என் பெயர் முப்பிடாதி. ஒன்பதாம் வகுப்பு. தாமிரபரணிக் கரையில் மருதன்துறை எங்கள் ஊர். ஊரின் கடைசி வீடு எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம். அதன் நடுவில், முன்பு செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளத்தில் அப்பா மீன் வளர்க்கிறார். சுற்றிலும் தகரம் அடித்து மறைத்திருக்கிறார். யார் கேட்டாலும் கட்லா, ரோகு என்று சொல்ல வேண்டும்.

அவை கட்லாவும் இல்லை, ரோகுவும் இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கக் கூடாது என்று அரசாங்கம் தடை செய்த மீன். தட்டையான தலை, எட்டு மீசை, உடம்பெல்லாம் சேறு தெறித்த மாதிரி புள்ளி. கோழிக்கடைக் கழிவைத் தின்று ஆறு மாதத்தில் என் கை நீளத்துக்கு வளர்ந்துவிடும்.

பத்து நாளுக்கு முன் வந்த வெள்ளத்தில் பள்ளத்தின் கரை உடைந்தது. விடிந்ததும் அப்பாவும் நானும் கூடையோடு ஓடினோம். கணுக்கால் அளவுத் தண்ணீரில், வாழைகளுக்கு நடுவே, மீன்கள் நடந்து போய்க்கொண்டிருந்தன. உண்மையாகவே நடந்தன. பக்கத்துத் துடுப்பை முழங்கை மாதிரி ஊன்றி, உடம்பை வளைத்து வளைத்து ஆற்றைப் பார்த்து. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். முப்பத்தெட்டு வரை எண்ணியபோது அப்பா, "ஏட்டி, என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நிக்க, கூடையப் புடி" என்று கத்தினார். பாதிக்கு மேல் போய்விட்டன. மிச்சத்தைப் பள்ளத்தில் விட்டுக் கரையை அடைத்தோம்.

இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜனவரி 2

எங்கள் ஊர்ப் படித்துறைக்குக் கீழே ஆறு ஆழமாகிக் குளம் போல் நிற்கும். அதுதான் அம்மன் மடு. மேலே ஒரு பாறைத்தட்டு, கீழே ஒரு பாறைத்தட்டு. கீழ்த்தட்டின் ஓரத்தில் சூலம் செதுக்கிய கல் ஒன்று நிற்கிறது. அந்தக் கல்லுக்கு மேலே யாரும் தூண்டில் போட மாட்டார்கள், வலை வீச மாட்டார்கள். மடுவில் இருக்கும் பெரிய கெண்டைகள் அம்மனுடையவை. நேர்ந்துகொண்டவர்கள் வந்து பொரி போடுவார்கள். நானும் முழு ஆண்டுத் தேர்வுக்குப் போட்டிருக்கிறேன்.

இன்று பொரி போட்ட இடத்தில் கெண்டைகளோடு ஒரு தட்டைத் தலையும் மேலே வந்தது. எட்டு மீசை.

பொரிக்கடை சங்கரி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெள்ளத்தோடு அம்மன் புது மீன் அனுப்பியிருக்கிறாளாம். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. மீசை மீனுக்கென்று அவித்த முட்டை கொண்டுவந்து போடுகிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

ஜனவரி 6

பள்ளிக்கூடத்துக்கு ஜீப் வந்தது. மீன்வளத் துறையிலிருந்து புளோரா மேடம் என்று ஒருவர். தூத்துக்குடிக்காரர், குட்டையாக, சத்தமாகப் பேசுகிறார். யாரோ மீசை மீனைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆற்றில் எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது, என்ன தின்கிறது என்று பார்க்க வேண்டுமாம். குறிப்பு எழுத எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படையிலிருந்து ஒரு ஆள் கேட்டார்.

டீச்சர் என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுப்பி நிற்க வைத்துவிட்டார்.

ஜனவரி 8

சூலக்கல்லுக்குக் கீழே மேடத்தின் ஆள் தூண்டிலில் ஒன்றைப் பிடித்தார். ஒரு கிலோ நானூறு கிராம். நான்தான் எழுதினேன். மேடம் அதைக் கல்லில் வைத்து வயிற்றைக் கீறினார். நான் கண்ணை மூடவில்லை.

இரைப்பையில் இருந்தவை: ஊறிய பொரி, ஒரு நத்தை, அரளிப்பூவின் காம்பு, கெண்டைக் குஞ்சுகள் நான்கு. ஒரு குஞ்சின் கண் அப்படியே இருந்தது.

மீன் எதையாவது தின்றால் தப்பா என்று கேட்டேன். மேடம் கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னார். இந்த ஆற்று மீன்களுக்கு விராலைத் தெரியும், விலாங்கைத் தெரியும், அவை வந்தால் எங்கே ஒளிவது என்று தெரியும். இது புதுசு. ராத்திரியிலும் தேடும், சேற்றிலும் தேடும், தண்ணீர் கெட்டாலும் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். வரும் மழையில் இது முட்டை போட்டுவிட்டால், அதற்குப் பிறகு எந்தத் துறை வந்தும் ஒன்றும் செய்ய முடியாது.

காற்றைக் குடிக்கும் உறுப்பையும் காட்டினார். செவுளுக்குப் பின்னால் சின்னச் சிவப்புக் காலிஃபிளவர் மாதிரி இருந்தது. அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் அத்தனை நாள் இருந்தும் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன்.

சாயங்காலம் அப்பா, இன்று என்ன எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். "கெண்டைக் குஞ்சா" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 9

மடுவில் வலை போட அனுமதி கேட்டு மேடம் கோயிலுக்குப் போனார். தர்மகர்த்தா கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க தாத்தா காலத்துல பஞ்சம் வந்து சனம் கெழங்கத் தின்னப்பக்கூட இதுல வல விழல. இப்ப விழணும்னா எம் பொணத்துக்கு மேலதான் விழணும்."

வலையில் கெண்டையும் மாட்டும், அதை உடனே விட்டுவிடுகிறோம் என்று மேடம் சொல்லிப் பார்த்தார். கெளுத்தி, கெண்டை என்று பிரித்துப் பார்க்க மடுவென்ன சந்தையா என்று அவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டுப் படியிறங்கி வந்தார். ஜீப்பில் ஏறிய பிறகு சிரிக்கவில்லை.

ஜனவரி 11

இன்று ஒன்று கண்டுபிடித்தேன்.

படித்துறையில் வழுக்காமல் இருக்க இரும்புக் குழாயில் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். அது படியோடு இறங்கித் தண்ணீருக்குள்ளும் போகிறது. ஒரு மணி நேரத்தில் எத்தனை மீசை மீன் மேலே வருகிறது என்று எண்ணச் சொல்லி மேடம் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார். வெறுமனே இருக்கும்போது ஒன்றோ இரண்டோ வந்தது. ஒரு அக்கா தண்ணீர் எடுத்துத் திரும்பும்போது குடம் கைப்பிடியில் இடித்தது. டங். உடனே ஏழு. இன்னொருத்தி வந்தாள், இடிக்கவில்லை, ஒன்றும் வரவில்லை. ஒரு பையன் கைப்பிடியில் செருப்பைத் தட்டி மண்ணை உதறினான். பதினொன்று. கெண்டைகள் மட்டும் சத்தம் கேட்டால் விலகிப் போகின்றன.

ஊர்க்காரர்கள் இதையும் கவனித்திருக்கிறார்கள். படித்துறையைத் தொட்டால் அம்மன் மீன் வந்து முகம் காட்டும் என்கிறார்கள்.

எனக்கு வேறு காரணம் தெரியும். எங்கள் பள்ளத்தில் ஒரு இரும்புக் குழாய் நட்டிருக்கிறது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா கல்லை எடுத்து அதில் தட்டுவார். மீன்கள் கூடும். பிறகு கழிவைக் கொட்டுவார். குஞ்சாக வந்த நாளிலிருந்து அவற்றுக்கு அதுதான் சாப்பாட்டு மணி.

இப்போது யோசித்துப் பார்த்தால், அப்பா ஒரு வாரமாகக் குழாயைத் தட்டுவதே இல்லை. சத்தமில்லாமல் கொட்டிவிட்டு வருகிறார். கை வலிக்கிறதோ என்னவோ.

ஜனவரி 12

மேடத்திடம் எண்ணிக்கையை மட்டும் கொடுத்தேன். குடம், செருப்பு எதையும் எழுதவில்லை.

ஜனவரி 15

பொங்கல். அம்மா இரண்டு பானை வைத்தார். அப்பா கரும்பு வாங்கி வந்தார், உரித்துத் தரவில்லை. படித்துறையில் ஒரே கூட்டம். சங்கரி அக்கா கடையில் மத்தியானத்துக்குள் பொரி தீர்ந்துவிட்டது. கெண்டைகள் முன்பு போல் கைக்குப் பக்கத்தில் வருவதில்லை. நான் பார்த்தவை பதினாறு. போன பொங்கலுக்கு யாரும் எண்ணவில்லை. எண்ண முடியாத அளவுக்கு இருந்தன.

ஜனவரி 16

செய்யக் கூடாததைச் செய்தேன்.

கறிநாள், வீட்டுக்கு வீடு கறிச் சமையல் என்பதால் காலையில் ஊரே வீட்டுக்குள் இருந்தது. தோட்டத்தில் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு, சூலக்கல்லுக்குக் கீழே, வலை போடலாம் என்கிற பக்கத்துக்குப் போனேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான். கடப்பாரையைத் தண்ணீருக்குள் மணலில் ஊன்றிக் கல்லால் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. வேகமாகத் தட்டினேன். வரவில்லை. மடுவுக்குள் தலைகாட்ட ஒரு டங் போதும், பாறையைத் தாண்டி வர அது போதாது போல. பிறகு அப்பா தட்டுவதை மனதுக்குள் கேட்டுப் பார்த்தேன். அவர் மூன்று தட்டுவார், பீடியை ஒரு இழுப்பு இழுப்பார், மறுபடி மூன்று தட்டுவார். பீடி இழுக்கும் நேரத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மடுவிலிருந்து கீழ்த்தட்டுப் பாறை மேல் அரையடித் தண்ணீர்தான் ஓடும். அதன் மேல் கறுப்பு முதுகுகள் நெளிந்து வந்தன. இருபத்திரண்டு. என் காலைச் சுற்றி நின்று தலையைத் தூக்கின. என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. பாவாடைப் பையில் பாதி முறுக்கு இருந்தது, அதை நொறுக்கிப் போட்டேன். தின்றுவிட்டு மறுபடி காத்திருந்தன. ஒரு கெண்டைகூட வரவில்லை.

அப்போது கரையில் யாரோ இருமினார்கள். கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஜனவரி 17

காலையில் போய் எடுத்து வரலாம் என்று கிளம்பினேன். கடப்பாரை தோட்டத்துக் கதவில் சாய்ந்து நிற்கிறது. மணல் போகக் கழுவியிருக்கிறது. அம்மாவாக இருக்கும். ஆனால் அம்மா இருமுவதில்லை.

ஜனவரி 19

வரும் இருபத்தைந்தாம் தேதி அணையில் தண்ணீர் திறக்கிறார்கள். மேடம் ஆற்றின் படம் வரைந்து காட்டினார். இப்போது தண்ணீர் குறைவு, அதனால் மீசை மீன்கள் மடுவுக்குள் இருக்கின்றன. தண்ணீர் ஏறினால் இரண்டு பாறைத்தட்டும் முழுகிவிடும். மேலேயும் போகும், கீழேயும் போகும், வாய்க்கால்களிலும் போகும்.

கூண்டு வைத்துப் பார்த்தார்கள். பொரியும் முட்டையும் தின்று வயிறு நிறைந்த மீன் எதற்குக் கூண்டுக்குள் போகும்?

"வளத்த ஆள் கெடச்சா நல்லாயிருக்கும் புள்ள. என்ன தீனி, எப்பிடிப் பழக்குனாருன்னு கேக்கலாம்" என்றார் மேடம்.

அந்த ஆளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பொதுவாகத் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். மேடம் என்னைப் பார்க்காமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கொளத்த வத்த வச்சு மீன எல்லாம் கொன்னு பொதைக்கணும். கேஸும் உண்டு. பொய் சொல்ல மாட்டேன்."

ஜெயிலா என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார்.

ஜனவரி 21

அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தார். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார். "ஒங்கப்பா மூணு நாளா ஒழுங்காச் சாப்பிடல. அத மட்டும் நெனச்சுக்கிட்டு என்ன செய்யணுமோ செய்யி."

என்ன செய்ய வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது?

ஜனவரி 22

அப்பா பெயர் வராமல் மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று ஒன்பது விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்பதும் எங்கள் தோட்டத்தில் போய்த்தான் முடிகின்றன. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 23

சொல்லிவிட்டேன். குடத்தையும் செருப்பையும் மட்டும் சொன்னேன். கைப்பிடியில் சத்தம் வந்தால் மீசை மீன் வருகிறது, கெண்டை வருவதில்லை, அதனால் சூலக்கல்லுக்குக் கீழே ஒரு குழாயை நட்டுத் தட்டிப் பார்க்கலாம் என்று. மேடம் ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நேராகத் தர்மகர்த்தாவிடம் போனார்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க உள்ள வரக் கூடாது, அவ்வளவுதான். அதுவா எல்லையத் தாண்டி வெளிய வந்துச்சுன்னா, அம்மன் வேண்டாம்னு அனுப்பிட்டான்னு அர்த்தம். அதத் தடுக்க நான் யாரு."

நாளைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு. அப்பாவுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும்.

ஜனவரி 24

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சூலக்கல்லுக்குக் கீழே குழாய் நட்டார்கள். இரண்டு கரையிலும் வலையோடு ஆட்கள் நின்றார்கள். பாறைத்தட்டின் ஓரமாக இன்னொரு வலை, மீன்கள் வந்த பிறகு திரும்பாதபடி தூக்கிக் கட்ட. கரை முழுக்கக் கூட்டம். கண்டுபிடித்தவளே தட்டட்டும் என்று மேடம் கல்லை என் கையில் கொடுத்தார்.

தட்டினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினேன். கல் கையில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி அடித்தது. "கொல்லன் பட்டறைக்கு அனுப்புங்கய்யா இவள" என்று யாரோ சொல்லக் கூட்டம் சிரித்தது. சங்கரி அக்கா, அம்மன் மீன் இரும்புக்கு மயங்குமா என்றார். எனக்கு மூன்று தட்டி நிறுத்த வேண்டும் என்று தெரியும். மூன்றுக்குப் பிறகு கை நிற்கவில்லை. நிஜமாகவே நிற்கவில்லையா, நான் நிறுத்தவில்லையா என்று இப்போது கேட்டால் தெரியாது.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அப்பா இறங்கி வந்தார். என்னை இழுத்துப் போகத்தான் வருகிறார் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் வேட்டி நனைய என் பக்கத்தில் வந்து நின்று, கையிலிருந்த கல்லை வாங்கிக்கொண்டார்.

"இப்பிடி இல்லட்டி. பைய அடிக்கணும்."

மூன்று தட்டினார். நின்றார். பீடி இல்லை, ஆனால் அதே நேரம் நின்றார். மூன்று தட்டினார்.

அவை வந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக, பாறை தெரியாத அளவுக்கு. கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோனது. சங்கரி அக்காதான் முதலில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "ஏ கொம்பையா, ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்பா தட்டிக்கொண்டே இருந்தார். வலையைத் தூக்கினார்கள், மீனை அள்ளினார்கள், மறுபடி விரித்தார்கள். இருட்டும் வரை நான்கு தடவை. நான் எண்ணி எழுதினேன். நூற்றுப் பதின்மூன்று. கடைசித் தடவையில் இரண்டே இரண்டுதான் வந்தன. அதற்குப் பிறகு எத்தனை தட்டியும் ஒன்றும் வரவில்லை.

எல்லாம் பிடித்தாயிற்றா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் தண்ணீர் திறக்கும் முன் இவ்வளவு எடுத்தது பெரிது என்றார் மேடம். பிறகு அப்பாவிடம் போய், "அண்ணாச்சி, கொளம் எங்க இருக்கு?" என்று கேட்டார். அப்பா தோட்டத்தைக் கை காட்டினார்.

தர்மகர்த்தா திரும்பிக் கோயில் பக்கம் நடந்தார். மற்றவர்கள் போகவில்லை. அம்மன் மடுவில் விஷத்தை விட்டவன் என்றார்கள். அவித்த முட்டை போட்டவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். விசாரணைக்காக அப்பா ஜீப்பில் ஏறும்போது அம்மாவைக் கூப்பிட்டு, வாழைக்குப் பாயும் தண்ணீரை மறக்காமல் அடைக்கச் சொன்னார். என்னிடம், "நூத்திப் பதிமூணா? சரியா எண்ணுனியா?" என்று கேட்டார். சரியாக எண்ணினேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார்.

இப்போது மணி பதினொன்றரை. அப்பா வரவில்லை. அம்மாவின் போனுக்கும் ஒன்றும் வரவில்லை. ஒன்பது மணிக்கு ஓட்டின் மேல் ஒரு கல் விழுந்தது. அம்மா தாழ்ப்பாள் போட்டு, உரலை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அப்பா குரல் கேட்டால் தவிரத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் படுத்தார். தூங்கவில்லை, மூச்சிலேயே தெரிகிறது.

எனக்கு மீன்களைப் பற்றியே யோசனை ஓடுகிறது. நூற்றுப் பதின்மூன்றும் மேடத்தின் ஆட்கள் தோண்டிச் சுண்ணாம்பு போட்ட குழிக்குள் கிடக்கின்றன. சாப்பாடு என்று நினைத்துத்தானே வந்தன? நாளைக்கு ஆற்றில் தண்ணீர் ஏறும். கெண்டைக் குஞ்சுகள் அதில் போகும். இது இரண்டும் ஒரே கணக்கில் எப்படிச் சேரும் என்று மேடத்திடம் கேட்க வேண்டும். மேடம் இனி எங்கள் வீட்டுக்கு வருவாரா என்று தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மடுவில் கெண்டைகளை எண்ணி எழுதச் சொல்லியிருக்கிறார். இந்த நோட்டிலேயே எழுதலாம் என்று

கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். விரலை வாயில் வைத்துக் காட்டுகிறார். வெளியே குரல் எதுவும் இல்லை. ஒருவர் நிற்கிற மாதிரியும் இருக்கிறது, பலர் நிற்கிற மாதிரியும் இருக்கிறது. மறுபடி தட்டுகிறார்கள். பயமாக இருக்கிறது. ஆனாலும் யார் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால்